சோறும் சொல்லும்

விடியற்காலை ஐந்தரை மணிக்குப் பூந்தமல்லி கரையான்சாவடி முனையில் நின்று பாருங்கள். ஆவடிப் பக்கமிருந்து ஒரு கூட்டம் வரும். அம்பத்தூர்ப் பக்கமிருந்து ஒரு கூட்டம் வரும். கழுத்திலே அடையாள அட்டை, தோளிலே பை, பைக்குள்ளே சோற்று டப்பா. கம்பெனி பஸ் வந்து நின்றதும் ஏறுவார்கள். ஏறி அமர்ந்ததும் கண்ணயர்வார்கள். செம்பரம்பாக்கம் ஏரியைக் கடந்து, இருங்காட்டுக்கோட்டை, திருப்பெரும்புதூர், சுங்குவார்சத்திரம் என்று ஊர் ஊராக அந்தப் பஸ்கள் அவர்களை இறக்கிவிட்டுக்கொண்டே போகும்.

கண்ணயராமல் போகிறவர்களும் சிலர் உண்டு. அவர்கள் கையிலே சிறு குறிப்பேடு. ஒரு பக்கம் ஆங்கிலச் சொல். மறு பக்கம் கொரியச் சொல்லைத் தமிழ் எழுத்தில் எழுதிய எழுத்து. உதடு அசைய அசைய மனப்பாடம் நடக்கிறது. ஏன்? 1996-இல் ஹூண்டாய் நிறுவனம் இங்கே கால் வைத்து, 1998-இல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து முதல் கார் சந்தைக்கு வந்ததிலிருந்து, கொரிய மொழி நம் வட்டாரத்து வாலிபர்களுக்கு வயிற்றோடு தொடர்புடைய மொழியாகிவிட்டது. நாலு கொரியச் சொல் தெரிந்தவனுக்கு ஒரு படி உயர்வு. நாற்பது சொல் தெரிந்தவனுக்கு மேலதிகாரியின் பக்கத்திலே இடம்.

கற்கட்டும்; வாழ்த்துகிறோம். ஆனால் எதை, எப்படிக் கற்கிறார்கள் என்பதைப் பற்றி நாம் சில சொல்ல விரும்புகிறோம். பெரிய இலக்கண ஆராய்ச்சி வேண்டாம். ஒரே ஒரு சொல்லை எடுத்துக்கொள்வோம். ஓரசைச் சொல். குழந்தையும் சொல்லக்கூடிய சொல். "பப்" என்பது அந்தச் சொல். பொருள், சோறு.

இட்லி சொன்ன பாடம்

பட்டாபிராமிலிருந்து வேலைக்குப் போகும் இளைஞர் ஒருவர் நம்மிடம் சொல்லிச் சிரித்த நிகழ்ச்சி இது. வேலையில் சேர்ந்த முதல் வாரம். காலை எட்டு மணி. கொரிய அதிகாரி ஒருவர் அருகே வந்து, புன்னகையோடு, "பப் மொகொஸ்ஸொயோ?" என்றார். நமது இளைஞர் படித்திருந்த புத்தகம் ஆங்கிலப் புத்தகம். அது சொல்லிக் கொடுத்திருந்த பொருள், "அரிசி தின்றாயா?" என்பது. இளைஞர் திகைத்தார். காலையில் யார் சோறு தின்கிறார்கள்? உண்மையை உள்ளபடி உரைத்துவிடுவோம் என்று, "இல்லை ஐயா, இட்லி!" என்றார்.

அதிகாரி சிரித்தார், இளைஞரும் சிரித்தார். ஆனால் இரண்டு சிரிப்புக்கும் இடையே ஓர் இழப்பு இருந்தது. அந்த அதிகாரி சாப்பாட்டுக் கணக்குக் கேட்கவில்லை. "நலமாக இருக்கிறாயா தம்பி?" என்று கேட்டார். கொரியர் ஒருவரையொருவர் காணும்போது கேட்கும் கேள்வி அது.

நாம் கேட்கிறோம்: இது தமிழனுக்குத் தெரியாத வழக்கமா? தெருவிலே எதிர்ப்படும் அத்தை என்ன கேட்கிறாள்? "சாப்பிட்டாச்சாப்பா?" என்றுதானே! சாப்பிடவில்லை என்றால் சமைத்துப் போடவா கேட்கிறாள்? அன்பைச் சொல்கிறாள், அக்கறையைச் சொல்கிறாள். "உன் நலத்தில் எனக்கு நாட்டமுண்டு" என்பதைத்தான் அந்த ஒரு சொல்லாலே உணர்த்துகிறாள். கொரியனும் அதையேதான் செய்கிறான். "சாப்பிட்டாச்சா" என்று தமிழிலே ஒரு சொல் எழுதியிருந்தால் நமது இளைஞர் இமைப்பொழுதில் விடை சொல்லியிருப்பார். தம் வீட்டு வழக்கத்தையே அந்நிய வழக்கமென்று எண்ணித் திகைத்து நின்றார். நடுவிலே நின்ற ஆங்கிலம், பக்கத்து வீட்டுக்குப் பத்துமைல் சுற்றி வழி காட்டிவிட்டது.

நெல், அரிசி, சோறு

இன்னொரு வேடிக்கை. வயலில் நிற்பது நெல். குத்தி எடுத்தால் அரிசி. உலையிலே வெந்தால் சோறு. மூன்று நிலை, மூன்று பெயர். உழுதவன் வைத்த பெயர்கள். ஆங்கிலத்திலே மூன்றுக்கும் பொதுவாக ஒரே சொல்தான் புழங்குகிறது. கொரியனிடம் போய்க் கேளுங்கள். வயலில் நிற்பது "பியோ". குத்தி எடுத்தது "சல்". வெந்தது "பப்". நமக்கு எப்படியோ அவனுக்கும் அப்படி! அரிசியைத் தின்று வளர்ந்த இரண்டு மக்கள், அரிசியை அறிந்த விதம் ஒன்றாக இருக்கிறது. ஆங்கில வழியே படிக்கும் பிள்ளைக்கு மூன்று சொல்லும் ஒரே சொல்லாகக் குழம்பும். தமிழ் வழியே படிக்கும் பிள்ளைக்கு மூன்றும் மூன்று விளக்காக எரியும்.

எழுத்தும் அப்படியே. நமது "ப" ஒரே எழுத்து. "பல்" என்னும்போது ஓர் ஒலி. "அன்பு" என்னும்போது வேறோர் ஒலி. எழுத்தை மாற்றுவதில்லை, இடம் பார்த்து நா தானே மாற்றிக்கொள்கிறது. கொரிய எழுத்திலும் அதே முறை. சொல்லின் முதலில் வந்தால் ஓர் ஒலி, இரண்டு உயிரொலிகளுக்கு நடுவே வந்தால் வேறோர் ஒலி, எழுத்து ஒன்றே. "சொல்" என்பதும் "மாலை" என்பதும் சேர்ந்தால் "சொன்மாலை" ஆகும் என்று நாம் புணர்ச்சி படித்திருக்கிறோம். "பப்" என்னும் சொல்லும் மகரத்தின் முன் வரும்போது "பம்" என்றே ஒலிக்கிறது. வினைச்சொல் வாக்கியத்தின் கடைசியில் வந்து அமர்வதும், வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால் வந்து ஒட்டுவதும் நமக்குப் புதியவை அல்ல.

மரியாதையும் அப்படியே. மூத்தோரைப் பார்த்து "பப்" என்று கேட்டுவிடக் கூடாது. அவர்களுக்கு "ஜின்ஜி" என்ற மதிப்புச் சொல் இருக்கிறது. "தின்றாயா" என்பதற்கும் "சாப்பிட்டீர்களா" என்பதற்கும் உள்ள தொலைவை அறிந்த நம் வீட்டுப் பிள்ளைக்கு இதை விளக்க ஒரு நிமிடம் போதும்.

ஆங்கிலத்தின்மீது நமக்குப் பகை இல்லை. உலகத்தைக் காண அது நமக்கு ஒரு சன்னல். ஆனால் எதிர்வீட்டுக்காரனோடு பேசச் சன்னலைத் தேடுவானேன்? வாசற்கதவு திறந்திருக்கிறதே!

உறவுக் கதை போதாது

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. "அம்மாவை அம்மா என்கிறான் கொரியன்! அப்பாவை அப்பா என்கிறான்! ஆகவே அவன் தமிழனே!" என்று மேடையிலே கைதட்டல் வாங்குவோர் உண்டு. ஹோமர் ஹல்பர்ட் என்ற அமெரிக்கர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே கொரிய இலக்கணத்தையும் திராவிட மொழிகளின் இலக்கணத்தையும் ஒப்பிட்டு நூல் எழுதினார். கடல் கடந்து சென்று கொரிய மன்னனை மணந்த ஓர் அரசியின் கதை, பதின்மூன்றாம் நூற்றாண்டுக் கொரிய நூலில் இருக்கிறது. அந்த அரசி நம் கடற்கரையிலிருந்து சென்றவள் என்று சொல்லி மகிழ்வோரும் இருக்கிறார்கள்.

கதை இனிக்கலாம். ஆனால் இரண்டும் ஒரு தாய் வயிற்று மொழிகள் என்பதை மொழிநூலார் ஏற்கவில்லை. அம்மா என்ற ஒலி உலகத்துக் குழந்தைகளின் உதட்டில் எல்லாம் பிறக்கிற ஒலி. பகுத்தறிவைப் பரணில் போட்டுவிட்டுப் பழம்பெருமை பேசுவது நமது வழக்கமாக இருக்கக் கூடாது. ஒற்றுமை இருக்கும் இடத்தில் ஒற்றுமையைக் காணுங்கள். வேற்றுமை இருக்கும் இடத்தில் வேற்றுமையையும் காணுங்கள்.

வேற்றுமைக்கும் அதே "பப்" சான்று சொல்கிறது. "சன்பப்" என்றால் ஆறிப்போன சோறு. கொரியன் ஒருவன், "எனக்குச் சன்பப்தான் கிடைத்தது" என்றால், என்னை ஒதுக்கிவிட்டார்கள், மதிக்கவில்லை என்று பொருள். நமக்கோ பழைய சோறு இழிவல்ல. கோடையிலே நீராகாரமும் சின்ன வெங்காயமும் நம் உழைப்பாளியின் உடலைக் குளிர வைப்பவை. ஆகவே, தமிழை வைத்துக்கொண்டு எல்லாக் கொரியச் சொல்லையும் ஊகித்துவிடலாம் என்று எண்ணுபவனும் ஏமாறுவான். தமிழ் கதவைத் திறந்துவிடும். உள்ளே போய்ப் பார்க்க வேண்டியவன் கற்பவன்தான்.

அகராதியின் முதல் வரியோடு நிற்பவன்

சொல்லுக்கு இரண்டு முகம் உண்டு என்பதை நமக்குக் கொரியன் வந்து கற்பிக்க வேண்டியதில்லை. ஒன்றன் பெயர் அதனோடு தொடர்புடைய வேறொன்றுக்கு ஆகிவருவதை ஆகுபெயர் என்று நன்னூல் வகுத்துக் காட்டியிருக்கிறது. பவணந்தியார் ஏட்டிலே எழுதியதை நம் வீட்டுத் தாய் அடுப்படியிலே ஆள்கிறாள். "அவன் சோற்றில் மண்ணைப் போட்டுவிட்டார்கள்" என்கிறாள். யாரும் மண்வெட்டியோடு போகவில்லை. அவன் பிழைப்பைக் கெடுத்தார்கள் என்பது பொருள்.

கொரியனுக்கும் சோறு என்றால் பிழைப்பு. பிழைப்புக்குச் சம்பாதிப்பதை அவன் "பப்பொரி" என்கிறான். சோற்றைச் சம்பாதிப்பது என்பது நேர்ப்பொருள். "பப்ஜுல்" என்று ஒரு சொல் வைத்திருக்கிறான். சோற்றுக் கயிறு! தொண்டையிலிருந்து வயிற்றுக்குப் போகும் உணவுக்குழாய்க்கு அது பெயர். ஒருவனுடைய பிழைப்புக்கு வழியாக இருக்கும் வேலைக்கும் அதுவே பெயர். வேலை போனவனைப் பற்றிப் பேசும்போது, "அவன் சோற்றுக் கயிறு அறுந்தது" என்கிறார்கள். எத்தனை கூர்மையான சொல்! வேலையைப் பறிப்பது தொண்டைக் குழாயை அறுப்பதற்குச் சமம் என்று ஒரு மக்கள் கூட்டம் தன் பேச்சுக்குள்ளேயே தீர்ப்பு எழுதி வைத்திருக்கிறது.

இந்தச் சொல்லை அம்பத்தூர்க்காரனுக்கு விளக்க வேண்டுமா? 1949-இல் சைக்கிள் ஆலை, 1959-இல் டன்லப் டயர் ஆலை, 1964-இல் தொழிற்பேட்டை. இப்படிப் படிப்படியாக எழும்பிய ஊர் அது. ஆலைச் சங்கின் ஒலியைக் கேட்டு வீட்டுக் கடிகாரத்தைத் திருத்திக்கொண்ட ஊர். டன்லப் ஆலை மூடப்பட்டபோது எத்தனை வீடுகளில் சோற்றுக் கயிறு அறுந்தது என்பதை அந்த ஊர்ப் பெரியவர்களைக் கேளுங்கள். கொரிய அகராதியைப் பார்க்காமலே அவர்கள் பொருள் சொல்வார்கள்.

ஆவடிக்காரனுக்கு இன்னொரு சொல். உடையாத வேலைக்கு, அதாவது அரசாங்க வேலைக்குக் கொரியன் வைத்த கேலிப்பெயர் "இரும்புச் சோற்றுப் பானை". ஆவடியிலே 1961-இல் அமைந்த கனரக வாகனத் தொழிற்சாலையில் இரும்பையே உருக்கி டாங்கி செய்தார்கள். அங்கே வேலை கிடைத்தால் அதுவும் இரும்புப் பானைதான் என்று ஊரே நம்பிற்று. 2021 அக்டோபர் 1 அன்று நாட்டின் படைக்கலத் தொழிற்சாலைகளையெல்லாம் ஏழு நிறுவனங்களாகப் பிரித்தார்கள். ஆவடித் தொழிற்சாலையும் அரசுத்துறை என்ற நிலையிலிருந்து நிறுவனம் என்ற நிலைக்கு மாறிற்று. இரும்புப் பானையும் துருப்பிடிக்குமோ என்ற கவலை அன்றைக்கு ஆவடி வீடுகளிலே புகுந்தது.

ஆக, இந்தச் சொல்லின் இரண்டாம் பொருளை நம் வட்டாரம் ஏற்கெனவே வாழ்ந்து பார்த்துவிட்டது. அதற்குரிய கொரியப் பெயரை மட்டும் அறியாமல் இருக்கிறது.

சொல்லுக்காகச் சிறைச்சோறு

"சிறைக்குப் போனான்" என்பதை நாம் எப்படிச் சொல்கிறோம்? "களி தின்னப் போனான்" என்கிறோம். கொரியன், "கொங்பப் தின்றான்" என்கிறான். பயறு கலந்த சோறு என்று பொருள். சிறையிலே அதுதான் போட்டார்கள். நமக்குக் களி, அவனுக்குப் பயற்றுச் சோறு. அரசாங்கங்கள் எந்த நாட்டிலும் ஒரே மாதிரிதான் விருந்து வைக்கின்றன!

அந்தப் பயற்றுச் சோற்றை எதற்காகவெல்லாம் தின்றார்கள் தெரியுமா? ஓர் அகராதிக்காகத் தின்றார்கள். 1910 முதல் 1945 வரை கொரியா ஜப்பானின் பிடியிலே இருந்தது. பள்ளியிலே கொரிய மொழி ஒடுக்கப்பட்டது. பெயரைக்கூட ஜப்பானியப் பெயராக மாற்று என்றார்கள். அந்தக் காலத்தில், தம் மக்களின் சொற்களைத் திரட்டி அகராதி செய்துகொண்டிருந்த கொரிய மொழிக் கழகத்தாரை 1942-இல் பிடித்துச் சிறையில் அடைத்தார்கள். யி யுன்ஜே, ஹன் ஜிங் என்ற இரண்டு அறிஞர்கள் சிறையிலேயே மாண்டார்கள். பறிக்கப்பட்ட அகராதிக் கையெழுத்துப்படி, விடுதலைக்குப் பிறகு 1945 செப்டம்பரில் சியோல் ரயில் நிலையக் கிடங்கு ஒன்றிலே கண்டெடுக்கப்பட்டது. 1947-இல் முதல் தொகுதி வந்தது. 1957-இல் ஆறு தொகுதிகளும் நிறைவெய்தின.

மொழிக்காகச் சிறை புகுந்து, 1939-இல் உயிர் நீத்த நடராசன், தாளமுத்து என்ற இரண்டு பெயர்களை மறவாத தமிழனுக்கு, அந்த இரண்டு கொரிய அறிஞர்களின் பெயர்கள் அயலாகத் தோன்றா. சொல் என்பது வெறும் ஒலியல்ல. சோற்றைப் போலவே உயிர் காப்பது. அதனால்தான் அதைப் பறிக்க வருகிறவர்களும் இருக்கிறார்கள். காக்கச் சாகிறவர்களும் இருக்கிறார்கள்.

ஒரே பானைச் சோறு

இப்போது நாம் சொல்ல வந்த இடத்துக்கு வருகிறோம். கொரிய மொழியிலே "ஹன்சொட்பப்" என்று ஓர் அருமையான சொல் இருக்கிறது. ஒரே பானையில் வெந்த சோறு என்பது நேர்ப்பொருள். ஒரே இடத்தில் உழைக்கிறவர்கள், ஒரு குடும்பத்தைப் போன்றவர்கள் என்பது குறிப்புப்பொருள். முதலாளிமார் எந்த நாட்டவராயினும் அவர்களுக்குப் பிடித்த கருத்து அது. "நாமெல்லாம் ஒரு குடும்பம்" என்று ஆண்டு விழாவில் பேசாத நிறுவனம் எது?

நல்லது. குடும்பம் என்றே வைத்துக்கொள்வோம். ஒரே பானைச் சோறென்றால், பரிமாறும்போது பானை எந்தப் பக்கம் சாய்கிறது என்று கேட்க உண்பவனுக்கு உரிமை உண்டா, இல்லையா?

2024 செப்டம்பர் 9 அன்று சுங்குவார்சத்திரத்தில் சாம்சங் ஆலையின் தொழிலாளர் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். ஊதியம் உயரவேண்டும் என்றார்கள். வேலைநேரம் சீராகவேண்டும் என்றார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, எங்கள் சங்கத்தை ஏற்கவேண்டும் என்றார்கள். அந்தச் சங்கத்தின் பெயரிலே நிறுவனத்தின் பெயர் இருக்கலாமா என்பது பெரிய வழக்காயிற்று. கொரிய மொழியிலே சாம்சங் என்றால் மூன்று விண்மீன்கள் என்று பொருள். விண்மீனைக் கையால் உருவாக்குகிறவன், அதன் பெயரைத் தன் சங்கத்துக்குச் சூட்டிக்கொள்ளலாமா என்பது கேள்வி! 37 நாள் கடந்து, அக்டோபர் 15 அன்று வேலைநிறுத்தம் முடிவுக்கு வந்தது. 2025 ஜனவரி 27 அன்று, சாம்சங் என்ற பெயரோடேயே சங்கம் பதிவாயிற்று. ஒரு சொல்லுக்கு என்ன விலை என்பதை அந்த 37 நாள் சம்பளத்தை இழந்த வீடுகள் அறியும்.

"சங்கம் எங்கள் நாட்டுப் பண்பாட்டில் இல்லை" என்று எந்தக் கொரியரும் சொல்லிவிட முடியாது. அதே 2024-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், தென்கொரியாவிலேயே சாம்சங் எலக்ட்ரானிக்ஸ் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அதற்கு நான்கு ஆண்டு முன்னதாக, 2020 மே மாதத்தில், சங்கமே இல்லாமல் நடத்தும் வழக்கத்தைக் கைவிடுவதாக அந்த நிறுவனத்தின் துணைத்தலைவரே மன்னிப்போடு அறிவித்திருந்தார்.

இன்னும் பின்னோக்கிப் போவோம். சியோல் நகரிலே அமைதிச் சந்தை என்று ஒரு சந்தை. பெயர்தான் அமைதி! மாடியறைகளில் சின்னஞ்சிறு பெண்கள் பொழுது முழுவதும் குனிந்து துணி தைத்தார்கள். அங்கே வேலை பார்த்த சொன் தெயில் என்ற இளைஞர், தம் பஸ் காசைக் கொண்டு அந்தப் பெண்களுக்குத் தின்ன வாங்கிக் கொடுத்துவிட்டு, இரவிலே வீட்டுக்கு நடந்தே போனார். 1953-ஆம் ஆண்டிலேயே தொழிலாளரைக் காக்கச் சட்டம் இயற்றப்பட்டிருக்கிறது என்று தெரிந்து அதைத் தேடிப் படித்தார். படித்தார் என்று சொன்னோமே, எப்படிப் படித்தார்? அந்த நூல் சீன எழுத்துகளால் நிறைந்திருந்தது. பள்ளிப்படிப்பு நின்றுபோன அவருக்குப் பாதி புரியவில்லை. விளக்கிச் சொல்லக் கல்லூரி மாணவ நண்பன் ஒருவன் இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று ஏங்கினார். சட்டத்தைச் செயல்படுத்துங்கள் என்று அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கினார். எவரும் கேட்கவில்லை. 1970 நவம்பர் 13 அன்று, அந்தச் சட்டநூலோடு தம்மையே தீக்கிரையாக்கிக்கொண்டார். வயது 22. அந்தச் சாவை நாம் போற்றவில்லை. அப்படி ஒரு சாவு தேவைப்பட்ட நிலையைத்தான் எண்ணி வெட்கப்படுகிறோம்.

தனக்காக எழுதப்பட்ட சட்டத்தின் சொல் தனக்கே விளங்காமற்போவது எவ்வளவு பெரிய கொடுமை! சொற்பொருள் என்பது புலவர்களின் பொழுதுபோக்கு என்று எண்ணுவோர் அந்த இளைஞரை நினைத்துப் பார்க்கட்டும்.

சோறு தேடியவன் சோறாகலாமா?

"பப்" என்னும் சொல்லுக்கு இன்னும் ஒரு பொருள் இருக்கிறது. எதிர்த்துப் பேசாதவன், எவரும் ஏய்க்கத்தக்கவன், பிறர்க்கு இரையாகிறவன். அவனுக்கும் "பப்" என்றே பெயர். கொரியத் தெருவிலே சண்டை வந்தால், "நான் என்ன உன் பப்பா?" என்று கேட்பார்கள். "என்னை என்ன இளித்தவாயன் என்று நினைத்தாயா?" என்று நாம் கேட்கிறோமே, அதுதான்.

எண்ணிப் பாருங்கள், தோழர்களே! உண்ணும் சோற்றுக்கும் பப். "நலமா?" என்ற அன்புக்கும் பப். பிழைக்கும் பிழைப்புக்கும் பப். ஏமாறும் ஏழைக்கும் பப். முதற்பொருளை மட்டும் அறிந்தவன் உணவுக்கூடத்திலே தட்டை நீட்டுவான். இரண்டாம் பொருளை அறிந்தவன் அன்போடு கைகுலுக்குவான். மூன்றாவதை அறிந்தவன் தன் வேலைக்குக் காவல் தேடுவான். நான்காவதையும் அறிந்தவன்தான் நிமிர்ந்து நிற்பான். சோறு தேடிப் போனவன் சோறாகிவிடக் கூடாது.

கொரிய நிறுவனங்கள் நம் பிள்ளைகளுக்கு வேலை தந்திருக்கின்றன, நாம் மறுக்கவில்லை. வேலை கொடுத்தவனிடம் நன்றி காட்டத் தமிழனுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. ஆனால் நன்றி வேறு, நாணிக் குனிதல் வேறு. ஆகவே மூன்று கோரிக்கைகளை முன்வைக்கிறோம்.

ஒன்று: அம்பத்தூர் அரசு தொழிற்பயிற்சி நிலையத்தில், வேலை முடிந்து வருகிறவர்களும் வந்து அமரும்படி, மாலை நேரத்தில் கொரிய மொழி வகுப்பு நடக்கட்டும். தமிழ் வழியாக நடக்கட்டும். சென்னை நகருக்குள் இன்கோ மையம் போன்ற இடங்களில் கொரியம் கற்பிக்கிறார்கள், நல்ல பணி. ஆனால் இரவுமுறை வேலை பார்த்துவிட்டுப் பட்டாபிராமுக்குத் திரும்புகிறவன் நகரத்தின் மறுகோடிக்கு எப்படிப் போவான்?

இரண்டு: தென்கொரிய அரசின் தேசிய மொழி நிறுவனம், மொழி கற்போருக்கென்று செய்த அடிப்படை அகராதியை வியட்நாமியம், தாய், இந்தோனேசியம், மங்கோலியம் முதலிய மொழிகளில் தந்திருக்கிறது. அந்த வரிசையிலே தமிழும் ஏற வேண்டும். 1981 முதல் தஞ்சையில் இருக்கிற தமிழ்ப் பல்கலைக்கழகம் அதற்குக் கைகொடுக்கட்டும். நேர்ப்பொருளோடு நில்லாமல், குறிப்புப்பொருளையும் அதற்கிணையான தமிழ் வழக்கையும் அருகருகே தரும் அகராதியாக அது அமையட்டும்.

மூன்று: ஆலைக்குள் ஒட்டப்படும் அறிவிப்புகள் தொழிலாளரில் பெரும்பாலோர்க்கு விளங்கும் மொழியிலும் இருக்கவேண்டும் என்று 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டமே விதித்தது. புதுச் சட்டம் வந்தாலும் அந்த அறம் பழசாகிவிடாது. அறிவிப்பு மட்டுமல்ல, வேலை ஆணையும், ஒப்பந்தமும், எந்திரத்தின் மீதுள்ள எச்சரிக்கையும் தமிழிலே இருக்கட்டும். அமைதிச் சந்தை இளைஞரைப் போல, தன் சட்டத்தைத் தானே படிக்க முடியாமல் தவிப்பவன் நம் வட்டாரத்தில் ஒருவன்கூட இருக்கக் கூடாது.

கொரிய நண்பர்களுக்கும் ஒரு சொல். நம் பிள்ளைகள் பஸ்ஸிலே தூக்கத்தைத் துறந்து உங்கள் மொழியைக் கற்கிறார்கள். நீங்களும் எங்கள் மொழியில் நூறு சொல் கற்றுக்கொள்ளுங்கள். எங்கிருந்து தொடங்குவது என்று திகைக்க வேண்டாம். "சோறு" என்ற சொல்லிலிருந்து தொடங்குங்கள். அதற்கும் உங்கள் சொல்லைப் போலவே பல பொருள் உண்டு என்பதைக் காண்பீர்கள்.

நாளை விடியற்காலை கரையான்சாவடி முனையிலே மறுபடியும் பஸ் வந்து நிற்கும். குறிப்பேட்டோடு ஏறும் தம்பிக்கு நாம் சொல்வது இதுதான்: சொல்லைப் படி, அதன் பக்கத்தில் தமிழை எழுது, அதற்கும் பக்கத்தில் இரண்டாம் பொருளை எழுது. நாளைக்கு அந்த அதிகாரி மறுபடியும் "பப் மொகொஸ்ஸொயோ?" என்று கேட்கும்போது இட்லிக் கணக்குச் சொல்லாதே. "சாப்பிட்டேன் ஐயா, நீங்கள் சாப்பிட்டீர்களா?" என்று நிமிர்ந்து நின்று திருப்பிக் கேள். ஒரே பானைச் சோறு என்பது உண்மையானால், அந்தக் கேள்வி இரண்டு பக்கமும் போக வேண்டும்!